மோட்டர்ஹோமுக்குப் பின்னால் மைவியை இழுக்கலாமா? 'டோ பார்' வாங்கும் முன் கியர்பாக்ஸைப் பாருங்க

பள்ளி விடுமுறை. மோட்டர்ஹோமை ஓட்டி வந்து மூவார் தஞ்சோங் எமாஸ் பக்கம் ஆற்றைப் பார்த்த மாதிரி நிறுத்தியாச்சு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் கூடவே இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு யாராவது ஒருத்தர், "மீ பண்டோங் சாப்பிடப் போகலாமா?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். போக வேண்டுமானால் மொத்த வீட்டையும் கிளப்ப வேண்டும். தட்டு முட்டுச் சாமான்களைக் கட்டி வைத்து, வெளியே விரித்த கூரையைச் சுருட்டி, மூவார் பட்டணத்து ஒருவழிச் சாலைகளில் ஒரு சின்ன லோரியைச் செலுத்தி, அதுக்குப் பார்க்கிங்கும் தேட வேண்டும்.

அமெரிக்கர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, மோட்டர்ஹோமுக்குப் பின்னால் ஒரு சின்னக் காரையும் இழுத்துக்கொண்டு போவது. இழுக்கப்படும் அந்தக் காருக்கு அங்கே 'டோட்' என்று செல்லப்பெயர். தேரை என்று அர்த்தம்; 'டோட்' என்ற உச்சரிப்பை வைத்து ஒரு விளையாட்டு. யூடியூபில் இந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஒரு டோ பாரைத் தேடுவது நம் ஊர் இளைஞர்களுக்கும் சுலபம். விலை, நட்சத்திரம், விமர்சனம் எல்லாம் அங்கேயே இருக்கும்.

ஆனால் எந்த பார் நல்லது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, உங்கள் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாமா என்பது. மலேசியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ஆட்டோ கார்களுக்கு அதன் பதில் 'கூடாது'.

முதலில், டோ பார் என்றால் எது?

இந்தச் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா வழக்கில் டோ பார் என்பது இழுக்கும் வண்டியின் பின்னால், சட்டத்தோடு பொருத்தப்படும் இரும்புக் கட்டமைப்பு. அதன் நுனியில் உருண்டையாக ஒரு பந்து இருக்கும். படகு டிரெய்லரை மாட்டுவது அதில்தான். அமெரிக்க மோட்டர்ஹோம்காரர்கள் டோ பார் என்று சொல்வது வேறு. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் இருக்கும், முக்கோண வடிவச் சட்டம் அது. பிரிட்டனில் அதற்கு 'ஏ ஃப்ரேம்' என்று பெயர். ஆன்லைனில் வாங்கும்போது ஒன்றை நினைத்து இன்னொன்றை வரவழைத்துவிடக்கூடும். இந்தக் கட்டுரையில் டோ பார் என்றால் நடுவில் இருக்கும் முக்கோணச் சட்டம்.

அந்த முக்கோணத்தின் கூர் முனை மோட்டர்ஹோமில் மாட்டும். இரண்டு கால்களும் காரின் முன்பக்கத்தில், 'பேஸ் பிளேட்' என்ற இரும்புத் தாங்கியில் மாட்டும். காரில் யாரும் உட்கார மாட்டார்கள். ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும். முன் சக்கரங்கள் தானாகவே இழுக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். முன்னோக்கிப் போகும்வரை அழகாக வரும். ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பி, பாரையே வளைத்துவிடும். ஜாலான் மஹாராணியில் தவறான சந்தில் நுழைந்துவிட்டால், இறங்கி, காரைக் கழற்றி, தனியாக ஓட்டி வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம் சிரித்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

மைவிக்கு என்ன பிரச்சினை?

ஆட்டோ கியர்பாக்ஸுக்கு உள்ளே எண்ணெய் ஓட வேண்டும். அந்த எண்ணெயைத் தள்ளும் பம்ப்பைச் சுழற்றுவது என்ஜின். இழுக்கப்படும் காரில் என்ஜின் ஓடாது, பம்ப்பும் ஓடாது. ஆனால் முன் சக்கரங்கள் உருளும்போது, அவற்றோடு இணைந்த பற்சக்கரங்களும் தண்டுகளும் கியர்பாக்ஸுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். கியரை 'நியூட்ரலில்' போட்டாலும் இதே கதைதான். மூவாரிலிருந்து கேமரன் மலை வரை எண்ணெய் போதாமல் சுழன்றால் என்ன மிஞ்சும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.

சிவிடி வகை இதில் இன்னும் மென்மையானது. 2021 நவம்பரில் வந்த புதுப்பிக்கப்பட்ட பெரோடுவா மைவியில், பழைய 4 வேக ஆட்டோவுக்குப் பதிலாக டி-சிவிடி வந்தது. 2023-இல் வந்த புதிய அக்சியாவிலும் அதுவே. புரோட்டோன் சாகா 2019-இல் சிவிடியை விட்டுவிட்டு 4 வேக ஆட்டோவுக்குப் போனது; ஆனால் அதுவும் ஆட்டோதான். மூன்றும் முன் சக்கரத்தால் ஓடும் கார்கள். அதாவது கியர்பாக்ஸோடு பிணைந்திருப்பது முன் சக்கரங்கள். அவை தரையில் உருளக் கூடாது.

இது நம்ம ஊர் கார்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஹோண்டா சிஆர்-வி ஒருகாலத்தில் அமெரிக்க மோட்டர்ஹோம்காரர்களின் செல்லக் கார். 2014 மாடல் வரை அதை நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று கையேட்டிலேயே முறை எழுதியிருந்தது. 2015 மாடலில் சிவிடி வந்தது. அந்த அனுமதி போனது. வெளியே பார்த்தால் ஏறக்குறைய ஒரே கார். உள்ளே இருந்த பெட்டி மாறியதும் எல்லாம் மாறிவிட்டது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம். சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும். மின்னணுச் சாதனங்கள் கெடலாம், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அவற்றுக்குத் தட்டை லோரிதான்.

மேனுவல் கியர் கார் என்றால் நிலைமை கொஞ்சம் நல்லது. பலவற்றை நியூட்ரலில் வைத்து இழுக்க முடியும். அப்போதும் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்பதற்கு வரம்பு இருக்கலாம். காரோடு வந்த கையேட்டில் 'டோயிங்' பகுதியைப் படியுங்கள். அங்கே இரண்டு விதமான இழுப்பைப் பற்றி எழுதியிருக்கும்: பழுதானால் அவசரத்துக்கு இழுப்பது ஒன்று, பயணம் முழுக்க இழுத்துச் செல்வது இன்னொன்று. முதலாவதற்குக் கிடைக்கும் அனுமதியை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன் பம்பரில் ஒரு மூடியைத் திறந்தால் திருகிப் பொருத்தும் கொக்கி இருக்குமே, அதுவும் அவசரத்துக்கு மட்டும்தான். அதில் டோ பாரை மாட்டி நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

எடைக் கணக்கு: சின்னக் கார்தானே என்று நினைக்காதீங்க

ஒரு மைவி ஏறக்குறைய ஒரு டன். இழுக்கும் வண்டி அதைத் தாங்குமா என்பதற்கு மூன்று எண்கள் வேண்டும். மோட்டர்ஹோமின் உண்மையான எடை, அதாவது தண்ணீர், கேஸ், துணிமணி, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு. இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் சேர்ந்து எவ்வளவு வரை போகலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் மொத்த எடை. அப்புறம் காரின் எடை, டிக்கியில் போட்ட சாமானோடு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த வரம்பு 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏறிய மோட்டர்ஹோம் 3,900 கிலோ. மிச்சம் 1,100. கார் 1,010, டிக்கியில் 60 கிலோ சாமான், ஆக 1,070. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் கையில் மிஞ்சுவது வெறும் 30 கிலோ. மோட்டர்ஹோமின் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு எடை பார்த்திருந்தால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அதனால் காகிதத்தில் இருக்கும் எடையை நம்பாமல், பயணத்துக்குக் கிளம்பும் கோலத்தில் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

வாடகை மோட்டர்ஹோம் என்றால் இந்தக் கணக்குக்கே போக வேண்டாம். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் அதில் எதையும் இழுக்கக் கூடாது.

சரி, பாரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கையேடு அனுமதிக்கிறது, எடையும் சரி என்றால் இப்போது கடைக்குப் போகலாம். அமெரிக்க பார்கள் பவுண்டில் தரம் பிரிக்கப்படுகின்றன: 5,000 பவுண்டு, 10,000 பவுண்டு என்று. 5,000 பவுண்டு என்பது சுமார் 2,270 கிலோ. மைவிக்குத் தாராளம் போலத் தெரியும். ஆனால் பார் மட்டும் தாங்கினால் போதாது. மோட்டர்ஹோமின் சட்டம், அதில் உள்ள இணைப்பு, பந்து, ஊசிகள், பார், பேஸ் பிளேட் என்று வரிசையாக எல்லாமே அந்த இழுவையைத் தாங்க வேண்டும். இவற்றில் எது பலவீனமோ அதன் எண்தான் மொத்த அமைப்பின் எண். 10,000 பவுண்டு பாரை 1,500 கிலோ இணைப்பில் மாட்டினால் உங்களிடம் இருப்பது 1,500 கிலோ அமைப்பு.

ஐரோப்பியப் பொருட்களில் 'டி மதிப்பு' என்று ஓர் எண், கிலோநியூட்டனில் பொறித்திருக்கும். இரண்டு வண்டிகளின் எடைகளையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான டி மதிப்பு வரும். மேலே சொன்ன உதாரணத்துக்கு 8.24. பொருளில் இருக்கும் எண் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கூடவே வட்டத்துக்குள் 'இ' முத்திரையும், ஐநா ஒழுங்குமுறை 55-இன் குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புச் சாதனங்களின் பலத்தைச் சோதிக்கும் விதி அது.

பந்தின் அளவில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பந்து 50 மில்லிமீட்டர். அமெரிக்கப் பந்து 2 அங்குலம், அதாவது 50.8. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 2 அங்குலத்துக்குச் செய்த மூடியை 50 மில்லிமீட்டர் பந்தில் வைத்தால் உட்காரும், பூட்டும், ஆனால் லூஸ். அந்த 0.8 மில்லிமீட்டர் ஒவ்வொரு குழியிலும் தட்டித் தட்டித் தேயும்.

நீளம் தானாகச் சரிசெய்துகொள்ளும் பாரா, நிலையான பாரா என்பது வசதியைப் பொறுத்தது. நிலையான பாரை மாட்ட, காரைத் துல்லியமாக நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒருவர் கைகாட்ட வேண்டும். நீளும் கைகள் உள்ள பாரில் கார் சற்றே கோணலாக நின்றாலும் மாட்டிவிடலாம், முன்னே நகரும்போது கைகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் மேடுபள்ளத்தில் நிறுத்திக் கழற்றும்போது ஊசி இறுகிவிடும். எதற்கும், இறுகாத பூட்டு உள்ள மாடலைப் பாருங்கள். மழையில் சுத்தியலோடு நின்றவர்கள் இதன் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

உயரமும் முக்கியம். மாட்டிய பிறகு பார் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். மோட்டர்ஹோம் பக்கம் உயர்ந்தும் கார் பக்கம் தாழ்ந்தும் இருந்தால், அவசரமாக பிரேக் அடிக்கும்போது காரின் வேகம் பார் வழியாக மேல்நோக்கித் தள்ளும். மோட்டர்ஹோமின் பின்பக்கம் தூக்கும், காரின் முன்பக்கம் அமுங்கும். எந்த நேரத்தில் பின் டயர் தரையைப் பிடிக்க வேண்டுமோ அந்த நேரத்தில் பிடி குறையும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3 முதல் 4 அங்குலம் வரைதான் உயர வித்தியாசத்தை அனுமதிக்கிறார்கள்.

இதில் நமக்கு உள்ள பெரிய தடை பேஸ் பிளேட்தான். அது ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுவது. பெரோடுவா அமெரிக்காவில் விற்பனையாவதே இல்லை. அங்குள்ள பட்டியலில் மைவிக்கான தாங்கியைத் தேடிப் பயனில்லை. 'அதனால் என்ன, நம்ம பட்டறையில் வெல்டிங் அடிச்சிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். மூவார் நாட்டின் பெரிய மரச்சாமான் தொழில் நகரம். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஆனால் காரின் முன்பகுதி, மோதலில் குறிப்பிட்ட விதத்தில் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்க வடிவமைக்கப்பட்டது. அங்கே கனமான இரும்பைப் பற்றவைத்தால் நசுங்கும் விதமும், காற்றுப்பைகள் விரியும் நேரமும் மாறலாம். இழுக்கும் நாட்களில் மட்டும் இல்லை, அந்தக் காரில் நீங்கள் அலுவலகம் போகும் எல்லா நாட்களிலும்.

பிரேக் இல்லாத ஒரு டன்

நமது உதாரணத்தில் காரின் 1,070 கிலோ, மோட்டர்ஹோமின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவ்வளவையும் மோட்டர்ஹோமின் பிரேக் மட்டுமே நிறுத்த வேண்டும் என்றால் தூரம் கூடும். வேகம் 80-இலிருந்து 110 ஆனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்காகும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும். பிரிட்டன், ஏ ஃப்ரேமில் இழுக்கப்படும் காரையும் டிரெய்லராகவே கணக்கில் எடுக்கிறது.

காரின் பிரேக் பெடலைத் தானாக அமுக்கும் பெட்டிகள் விற்பனையில் உள்ளன. வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: என்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் சில அமுக்குகளுக்குப் பிறகு வலு இழந்துவிடும், அதை இது எப்படிச் சமாளிக்கிறது? இரண்டாவது, பார் அறுந்து கார் பிரிந்தால் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும் கம்பி இருக்கிறதா? பிரேக்கோடு, இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் பாருக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். பார் கழன்றாலும் அவை தொட்டில் மாதிரி அதைத் தாங்கும், நுனி தார்ச்சாலையில் குத்தாது.

கழன்ற ஒரு பாகம் என்ன செய்யும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2024 டிசம்பர் 23-ஆம் தேதி, மூவார்க்காரர்கள் கோலாலம்பூருக்குப் போகும் அதே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், ஆயர் கெரோ அருகே, லோரியிலிருந்து கழன்ற டயர் ஒன்றில் சுற்றுலாப் பேருந்து மோதி நேர்ந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அது ஒரு டயர். இங்கே பேசுவது ஒரு முழுக் காரைப் பற்றி.

விளக்குகளும் மறக்கக்கூடியவை அல்ல. பின்னால் வருபவர் பார்ப்பது மோட்டர்ஹோமை அல்ல, உங்கள் காரை. பிரேக் விளக்கு, சிக்னல் எல்லாம் காரின் பின்புறத்தில் எரிய வேண்டும். காரின் சொந்த விளக்குகளையே பயன்படுத்தினால், மின்சாரம் திரும்பி ஓடாமலிருக்க டையோடு பொருத்த வேண்டும்.

ஜேபிஜே என்ன சொல்லும்?

மலேசியாவில் ஒரு வண்டியின் கட்டமைப்பை மாற்ற, சாலைப் போக்குவரத்துத் துறையின், அதாவது ஜேபிஜேவின், அனுமதி வேண்டும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாத மாற்றம் குற்றம். டோ பார் விஷயத்தில் மாற்றம் ஒரு வண்டியில் அல்ல, இரண்டில். கடைக்காரர் 'எல்லாரும் போடுறாங்க' என்று சொல்வது அனுமதி ஆகாது. பொருளை வாங்குவதற்கு முன், இரண்டு வண்டிகளின் கிராண்ட், பொருளின் விவரத்தாள், பொருத்தும் முறையின் படம் ஆகியவற்றோடு ஜேபிஜே கிளையில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்; இழுபடும் கார் இன்னொருவர் காரில் மோதினால் எந்தக் காப்புறுதி பணம் கட்டும் என்பதை விபத்துக்கு முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது. உரிமத்தையும் ஒருமுறை பாருங்கள். டி உரிமம், சுமை இல்லாத எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கானது. பெரிய மோட்டர்ஹோம்கள் காரை மாட்டுவதற்கு முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம்.

ஆட்டோ கார்க்காரர்களுக்கு வேறு வழி?

முன் சக்கரங்களைத் தூக்கி வைக்கும் இரண்டு சக்கர வண்டி ஒன்று உண்டு, 'டோ டாலி'. முன் சக்கரத்தால் ஓடும் சாகா, மைவி மாதிரிக் கார்களுக்குக் கொள்கையளவில் பொருந்தும், கைப்பிரேக்கை இறக்க மறக்காமல் இருந்தால். ஆனால் டாலிக்கும் எடை உண்டு. உதாரணத்தில் மிஞ்சிய 30 கிலோவில் அது அடங்காது. முழு டிரெய்லரில் காரை ஏற்றினால் கியர்பாக்ஸ் பத்திரம், எடை இன்னும் கூடும். நிறுத்துமிடத்தில் அந்த டிரெய்லரை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை.

பின்னால் ஒரு கப்சாய் மோட்டாரைத் தாங்கியில் மாட்டிக்கொள்வது பலருக்குத் தோன்றும். எளிமையானதுதான், கணக்கு மட்டும் வேறு. 100 கிலோ மோட்டாரைப் பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால், அச்சுகளுக்கு இடையே 3.5 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சுக்கு 157 கிலோ கூடும், முன் அச்சில் 57 கிலோ குறையும். முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங்கும் இலேசாகும். மழையில் அது நல்லதில்லை.

காசுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலேயே பார், பேஸ் பிளேட், பிரேக் பெட்டி, வயரிங், கூலி எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். இங்கே கப்பல் கூலியும் சேரும். மாதக்கணக்கில் சாலையிலேயே வாழ்பவர்களுக்கு அது பொருந்தும். வருடத்துக்கு இரண்டு விடுமுறை போகும் குடும்பத்துக்கு, தஞ்சோங் எமாஸிலிருந்து ஒரு கிராப் பிடித்து மீ பண்டோங் கடைக்குப் போய் வருவதே மலிவு. அல்லது குடும்பத்தில் இன்னொருவர் காரைத் தனியாக ஓட்டி வரலாம். டோல் இரண்டு முறை கட்டினாலும் கியர்பாக்ஸ் விலையை எட்டாது.

மேனுவல் கார், ஜேபிஜே கடிதம், சரியான எடை எல்லாம் கைவசம் இருந்து இழுக்கவே போகிறீர்கள் என்றால், முதல் ஓட்டத்தை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுல்தான் இஸ்மாயில் பாலத்தைக் கடந்து தங்காக் பக்கம் பத்து கிலோமீட்டர் போய் ஓரமாக நிறுத்துங்கள். ஊசிகளையும் சங்கிலியையும் பாருங்கள், போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், காரின் நான்கு சக்கர மையங்களுக்கும் அருகே கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே கழற்றி, காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்புங்கள்.